தீபாவளிப் பறத்தல் நாளும் ஐப்பசி மழையும்: ஓடுதளம், எலக்ட்ரானிக்ஸ், நிகழ்ச்சி நேரம் பற்றி யோசனை தேவை

கேள்வி: கரிசல்காட்டுச் சிறகு

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும் மாதிரி விமான) குழுவின் குடும்ப நாள் வைத்திருக்கிறோம். இடம் மதுரை மாவட்டம் கள்ளிக்குடிப் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டிய பட்டா தரிசு. உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாயிற்று. நிலம் முக்கால்வாசி கரிசல், மேட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் சரளை.

பறப்பவர்கள் 14 பேர். விமானங்கள் 20 வரும். பெரும்பாலும் 1.2 கிலோவுக்குள் இருக்கும் இ.பி.ஓ. ஃபோம் (நுரை) டிரெய்னர்கள், அதாவது பழகுவதற்கான விமானங்கள், 3எஸ் 2200 (மூன்று செல், 2200 எம்.ஏ.எச்.) லிப்போ பேட்டரி. நாலு ஃபோம்போர்டு (காகிதம் ஒட்டிய நுரைப் பலகை), மூன்று பால்சா மரம் (அதில் ஒன்று மெத்தனாலில் ஓடும் கிளோ எஞ்சின்), இரண்டு குவாட் (நாலு விசிறி ட்ரோன்). இப்போதைக்குத் திட்டம் இதுதான்: காலை 9 மணிக்குத் தொடக்கம், குறி பார்த்து இறக்கும் போட்டி, ரிப்பன் வெட்டும் போட்டி (ஒரு விமானத்தின் வாலில் கட்டிய காகித ரிப்பனை இன்னொன்று வெட்டுவது), குழந்தைகளுக்கு வானத்திலிருந்து மிட்டாய், இருட்டியதும் எல்.ஈ.டி. விமானங்கள்.

மழை வந்தால் நாளைத் தள்ளிப்போட முடியாது, வெளியூரிலிருந்து வருகிறார்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும். சேற்றில் ஓடுதளத்தை எப்படி அமைப்பது? ரிசீவர், ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை), சர்வோவை (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்) எப்படிக் காப்பது? தூறலில் பறக்கலாமா, எந்தக் கட்டத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும்?

மறுமொழி 1: மேட்டுநிலம்

தம்பி, முதலில் நேரத்தை மாற்றுங்கள். ஐப்பசியில் நம் பக்கம் பெரும்பாலான நாட்களில் வெயில் ஏறி, மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, சாயங்காலம் இடியோடு கொட்டும். விடிகாலையிலிருந்து பதினொரு மணி வரை பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும். 6.30-க்குத் தொடங்கி 11-க்கு முடியுங்கள். 9 மணிக்குத் தொடங்கினால் நல்ல நேரத்தில் பாதி போய்விடும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, நாள் முழுக்கப் பெய்யும். மூன்று நாள் முன்னாலேயே வானிலை அறிக்கையில் அது தெரிந்துவிடும்.

இனி தரை. மழை நாளில் விமானத்தை உடைப்பது பெரும்பாலும் தரைதான். ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஏறி, சக்கரத்தையே பூட்டிவிடும். ஓடும் வேகத்தில் சக்கரம் நின்றால் விமானம் மூக்கு குத்தும். புரொப்பெல்லர் உடையும், மோட்டார் மவுண்ட் கழன்று வரும். 2 அங்குலச் சக்கரம் கரிசலில் ஓடவே ஓடாது. சக்கர மூடிகளைக் கழற்றிவிட்டு 3½ அங்குல ஃபோம் சக்கரம் போடுங்கள். உங்கள் டிரெய்னர்கள் 1.2 கிலோவுக்குள் என்பதால் அதைவிட நல்ல வழி, சக்கரத்தையே கழற்றிவிட்டுக் கையால் எறிந்து, வயிற்றில் இறக்குவது. வயிற்றுப் பகுதியில் அகலமான பேக்கிங் டேப் இரண்டு வரிசை ஒட்டினால் போதும். ஈரக் கையில் ஃபோம் வழுக்கும். பிடிக்கும் இடத்தில் மணல் காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டிக்கொள்ளுங்கள்.

பால்சாக்களுக்கு ஓடுதளம் வேண்டும். ஒரு யூனிட் கிராவல், அதாவது 100 கன அடி, அடியுங்கள். அதை 10 அடி அகலத்தில் 120 அடிக்குப் பரப்பினால் ஒரு அங்குலம்தான் வரும், முதல் மழையில் சேறு விழுங்கிவிடும். 40 அடி நீளத்துக்கு 3 அங்குல கனமாகப் போடுங்கள். விமானம் தரை தொடும் இடத்தில் மட்டும் கெட்டியாக இருந்தால் போதும். பத்து நாள் முன்னால், நிலம் காய்ந்திருக்கும்போதே அடித்து டிராக்டரை நாலு தடவை ஏற்றி இறக்குங்கள். மழை பெய்த பிறகு அடித்த கிராவல் சேறாகவே போகும்.

மீதி நீளத்துக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனர் விரிக்கலாம். 10-க்கு 20 அடி பேனர் நாலு கிடைத்தால் 77 அடி வரும், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு அடி மேலே ஏறிக் கிடக்க வேண்டும். ஓடு வேய்வது மாதிரி, விமானம் ஓடும் திசையில் மேல் பேனரிலிருந்து கீழ் பேனருக்கு இறங்கும்படி விரியுங்கள். எதிராக விரித்தால் சக்கரம் ஓரத்தில் மாட்டும். அச்சடித்த பளபளப்புப் பக்கம் கீழே, முதுகுப் பக்கம் மேலே. ஓரங்களை 4 அங்குலப் பள்ளத்தில் புதைத்து, 8 மி.மீ. கம்பியை ஒரு அடிக்கு வெட்டி வளைத்து மூன்று அடிக்கு ஒன்று அடியுங்கள். கம்பியின் தலை தரை மட்டத்துக்கு மேலே தெரியக் கூடாது.

மறுமொழி 2: யானைமலைப் பருந்து

மேலே அண்ணன் சொன்னதில் கிராவல் பற்றி மறுப்பே இல்லை. ஃபிளெக்ஸை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நனைந்த ஃபிளெக்ஸில் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது. குறுக்குக் காற்று லேசாக அடித்தாலே வால் சுற்றிக்கொண்டு விமானம் ஓரத்துக்கு வழுக்கிப் போகும். அடியில் தண்ணீர் தேங்கினால் பேனர் மெத்தை மாதிரி மிதக்கும், அதன் மேல் சக்கரம் குதிக்கும். குவாட் பக்கத்தில் இறங்கினால் ஒரு கம்பி தளர்ந்திருந்தாலும் ஓரம் மேலே எழும்பும். ஏறுவதற்கு மட்டும் ஃபிளெக்ஸ், இறங்குவதற்குக் கிராவல் அல்லது புல், இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். குவாட்களுக்கு 30 அடி தள்ளித் தனியாக ஒரு பலகை போடுங்கள்.

இன்னொன்று, வால் சக்கர விமானத்துக்குச் சேற்றில் மூக்கு குத்தும் குணம் அதிகம். ஓட ஆரம்பிக்கும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) முழுக்க இழுத்துப் பிடித்து, வேகம் வந்த பிறகு மெல்ல விடச் சொல்லுங்கள். மூன்று சக்கர விமானத்தில் முன் கம்பிதான் முதலில் வளையும். உதிரிக் கம்பி ஒன்று கையில் இருக்கட்டும்.

மறுமொழி 3: சால்டர்புகை

எலக்ட்ரானிக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நிறையத் தவறான பழக்கம் ஓடுகிறது.

ரிசீவர், ஈ.எஸ்.சி. மேல் இருக்கிற ஷ்ரிங்க் உறை தண்ணீரைத் தடுக்காது. அது கைபடாமல் இருக்கத்தான். தண்ணீர் ஓரத்தில் நுழைந்தால் அந்த உறையே அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். செய்ய வேண்டியது சிலிக்கான் கன்ஃபார்மல் கோட்டிங், அதாவது சர்க்யூட் பலகை மேல் பூசும் மெல்லிய காப்புப் படலம். பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்துக் காயவிடுங்கள். கனெக்டர் பின்கள், பைண்ட் பொத்தான், யு.எஸ்.பி. வாய், பாரோமீட்டர் சென்சரின் துளை, ஆண்டெனா கனெக்டர் இவற்றை டேப் ஒட்டி மறையுங்கள். பாரோமீட்டர் துளையில் கோட்டிங் போனால் உயரம் காட்டுவது கெட்டுவிடும். மெல்லிசாக ஒரு கோட், கால் மணி நேரம் கழித்து இன்னொன்று, பிறகு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். பறக்கும் நாள் காலையில் பூசினால் பயனில்லை. பல கோட்டிங் புற ஊதா டார்ச்சில் நீலமாக ஒளிரும், விட்டுப்போன இடம் அதில் தெரிந்துவிடும். ஈ.எஸ்.சி.யில் ஹீட்சிங்க் தகட்டை மட்டும் விட்டுவிடுங்கள், கோட்டிங் பட்டால் சூடு வெளியேறாது.

பலூனுக்குள் ரிசீவரை வைக்கிறவர்கள் வாயை இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே ஈரக் காற்று மாட்டிக்கொண்டு வியர்க்கும். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தளர்வாகக் கட்டி, பறந்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஒயர்கள் எதுவானாலும் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குப் போகாது. இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, கோட்டிங்குக்கு அடுத்தபடி அதிகம் காப்பாற்றுவது இதுதான்.

சர்வோவில் தண்ணீர் நுழையும் இடம் மேலே சுற்றும் தண்டு. ஆர்மைக் கழற்றித் தண்டைச் சுற்றி சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் நனைந்தால் சர்வோ நடுங்கும். தரையில் நடுங்கினால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்கக் கூடாது.

காற்று நுழையும் துளையை மழைக்குப் பயந்து முழுக்க அடைக்காதீர்கள், ஈ.எஸ்.சி. வெந்துவிடும். முன் துளையில் மேல் பாதியை மட்டும் டேப்பால் மறையுங்கள். பின் துளை திறந்தே இருக்கட்டும். உடம்பின் பின்பகுதியில் மிகத் தாழ்வான இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். உள்ளே போன தண்ணீர் ஏறும்போது வாலுக்கு ஓடும், வால் கனத்து ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போகும், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு அடங்காமல் ஆடும். 50 மி.லி. தண்ணீர் போதும் இந்த வேலையைச் செய்ய.

மழையால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். பார்வை எட்டும் தூரத்தில் மழைத்துளி அந்த அலையைக் குறைப்பது கணக்கிலேயே வராது. உண்மையான ஆபத்து டிரான்ஸ்மிட்டருக்குள் தண்ணீர் போவது, அதற்கு யாரும் கோட்டிங் பூசுவதில்லை. அகலமான கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் இரண்டு பக்கம் கை நுழையத் துளை போட்டு மூடிக்கொள்ளுங்கள். திரை தெரிய வேண்டும், ஆண்டெனா பைக்குள் மடங்கக் கூடாது. ஒவ்வொரு முறை நனைந்த பிறகும் ரேஞ்ச் செக் மோடில் (சிக்னல் சக்தியைக் குறைத்துச் சோதிக்கும் முறை) 30 மீட்டர் நடந்து பாருங்கள். ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்ததும், திராட்டில் பூஜ்யத்துக்குப் போகிறதா என்பதை மோட்டாரில் புரொப்பெல்லர் இல்லாமல் சோதியுங்கள்.

பேட்டரி: பந்தலுக்குள் சார்ஜ் செய்யும் மேசையில் செங்கல் அல்லது தரை ஓடு மேல் வையுங்கள். 2200-க்கு 2.2 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். எக்ஸ்.டி.60 வாயையும் பேலன்ஸ் வாயையும் துடைத்த பிறகே செருக வேண்டும். விழுந்து அடிபட்ட பேட்டரியை, பார்க்க நன்றாக இருந்தாலும், அரை மணி நேரமாவது வெளியே மணல் வாளியில் தனியாக வையுங்கள். உப்பியிருந்தால் அத்தோடு அதன் வேலை முடிந்தது.

சேற்றில் விழுந்ததை எடுக்கும்போது முதலில் பேட்டரியைப் பிடுங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கோட்டிங் பூசிய பலகையில் சேறு இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைலில் இன்னொரு முறை அலசி, ஃபேன் காற்றில் ஒரு நாள் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை, அரிசித் தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூட்டில் ஃபோம் சுருங்கும். மோட்டார் நனைந்தால் ஓடும், பேரிங்தான் துருப்பிடிக்கும். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

மறுமொழி 4: பால்சாத்தூள்

ஃபோம்போர்டு நாலும் கவலைக்குரியவை. மேலிருக்கும் காகிதம் நனைந்து உரிந்துவிட்டால் இறக்கைக்குப் பலமே இல்லை. பறக்கும்போதே மடங்கும். இரண்டு கோட் தெளிவு வார்னிஷ், வெட்டிய ஓரங்களில் ஹாட் குளூ, முன் விளிம்பில் பேக்கிங் டேப். இதைச் செய்யாத ஃபோம்போர்டைப் புல் பனியில்கூட வைக்காதீர்கள். மழையே இல்லாவிட்டாலும் ஐப்பசிக் காலையில் புல் நனைந்துதான் இருக்கும். பழைய சாக்கு நாலு விரித்து விமானங்களை அதன் மேல் வையுங்கள்.

பால்சாவில் கவரிங் ஃபிலிம் தண்ணீரை விடாது. கீல் வரிசையிலும் எஞ்சின் அறையிலும்தான் நுழையும். கீல் இடுக்கில் அடிப்பக்கமாகக் கண்ணாடி டேப் ஒட்டுங்கள், மேலும் கீழும் முழுக்க அசைகிறதா என்று பாருங்கள். எஞ்சின் அறைக்கு எபாக்ஸியை மெல்லிசாக ஒரு கோட்.

கிளோ எஞ்சின் வைத்திருப்பவருக்கு: மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கேனைத் திறந்து வைத்தால் எஞ்சின் ஐடிலில் அணையும், நீடிலை எவ்வளவு திருப்பினாலும் சரிவராது. ஊற்றியதும் மூடிவிட வேண்டும். கடைசிப் பறத்தல் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் எரிபொருள் தீரும்வரை ஓட்டி, ஆஃப்டர் ரன் எண்ணெய் விட்டுக் கையால் பத்து சுற்று சுற்றுங்கள். விட்டுவிட்டுப் போனால் பேரிங் துருப்பிடித்துவிடும்.

மறுமொழி 5: களக்காவல்

எப்போது நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். தூறலில் பறக்கலாம், மேலே சொன்ன ஏற்பாடு செய்த விமானங்கள் மட்டும். இறக்கையில் நீர்த்துளி திட்டுத்திட்டாக நிற்கும்போது காற்று வழுவழுப்பாக ஓடாது, இழுவை கூடும், வழக்கத்தைவிட அதிக வேகத்திலேயே ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசை போய்விடும். இறக்கும்போது கொஞ்சம் திராட்டில் வைத்து வேகமாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளை விமானம் சாம்பல் வானத்தில் காணாமல் போகும். இறக்கையின் அடியில் கறுப்பு டேப் மூன்று பட்டை ஒட்டினால் திசை தெரியும்.

மின்னலுக்கு மட்டும் எந்தச் சமரசமும் கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லா விமானமும் இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை யாரும் களத்துக்குப் போகக் கூடாது. வெட்டவெளியில் டிரான்ஸ்மிட்டரோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். ஒதுங்குவது காருக்குள் அல்லது கான்கிரீட் கட்டடத்துக்குள். பனைமரத்தடியும் இரும்புக் கால் பந்தலும் ஒதுங்குமிடம் அல்ல. அதனால் குழந்தைகள் எண்ணிக்கைக்குப் போதுமான கார்கள் களத்திலேயே நிற்க வேண்டும், யார் எந்தக் காரில் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

மேகத்தின் பக்கமிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால் மழைக்குக் காத்திருக்காதீர்கள். அந்தக் காற்றே ஃபோம் விமானத்தைக் கண்மாய்க்குள் தள்ளிவிடும். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பனையைக் குறித்துவையுங்கள், அது மங்கினால் பறத்தல் நிறுத்தம். இந்த முடிவெல்லாம் விசில் வைத்திருக்கும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், அன்றைக்கு அவர் பறக்கவே கூடாது.

கண்மாயில் விழுந்த விமானத்துக்காக யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். புது மழையில் உள்வாயில் ஆழம் தெரியாது, சேறு காலைப் பிடிக்கும். நீளமான நைலான் நூலில் டென்னிஸ் பந்து கட்டி எறிந்து இழுங்கள். கரையில் சீமைக்கருவேலம் இருந்தால் ஒரு தொரட்டிக் கம்பும் வேண்டும்.

பந்தல் போடுபவரிடம் சாதா சாமியானா வேண்டாம், தகரமோ தார்ப்பாயோ போடச் சொல்லுங்கள். துணி பத்து நிமிடத்தில் ஒழுகும். ஜெனரேட்டர் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி) இல்லாமல் சார்ஜர் போடாதீர்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் செங்கல் மேல் இருக்கட்டும்.

விதி பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ட்ரோன் விதிகளின்படி பசுமை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடி வரை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடி வரைதான். கள்ளிக்குடி தள்ளித்தான் இருக்கிறது. இருந்தாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் நிலத்தின் புள்ளியை வைத்து அந்த வாரமே பாருங்கள்.

கரிசல்காட்டுச் சிறகு

ரொம்ப நன்றி அண்ணே, எல்லோருக்கும். கிராவல் இந்த வாரமே அடித்துவிடுகிறோம். கோட்டிங் புதன்கிழமைக்குள் முடியும். இரண்டு சந்தேகம் பாக்கி. சாயங்காலம் இடி நேரம் என்றால் எல்.ஈ.டி. பறத்தலை என்ன செய்வது? ரிப்பனும் மிட்டாயும் ஈரத்தில் சரிவருமா?

மறுமொழி 6: யானைமலைப் பருந்து

எல்.ஈ.டி.யை விடிகாலைக்கு மாற்றுங்கள். 4.45 முதல் 5.15 வரை நல்ல இருட்டு. தீபாவளிக்கு விடியுமுன் எழுந்து பழகிய வீட்டுக் குழந்தைகளுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. அமாவாசை நெருங்கும் நாட்கள், நிலவு பெரிதாக உதவாது. எனவே இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை கட்டாயம். சிலிக்கான் பூசிய 12 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்குங்கள், வெட்டிய முனைகளைத் திரும்ப சிலிக்கானால் அடைக்க வேண்டும். மீட்டருக்கு 60 விளக்குள்ள சின்ன வகை மீட்டருக்கு 0.4 ஆம்பியர் எடுக்கும். மூன்று மீட்டருக்கு 1.2. இதை ஈ.எஸ்.சி.யின் 5 வோல்ட்டிலிருந்து எடுக்காதீர்கள், 3எஸ் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக எடுங்கள். ஓடுதள ஓரத்துக்கு அகல் விளக்கு வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். களத்தில் பட்டாசுக்கு அனுமதியே கூடாது, லிப்போ இருக்கும் இடம்.

ரிப்பன் போட்டியை, புல் காயாவிட்டால், முழுக்கக் கைவிடுங்கள். கிரேப் காகிதம் நனைந்தால் அறுந்து சொந்த வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். பதிலுக்குப் பிளாஸ்டிக் ரிப்பன் கட்டினால் இன்னும் மோசம். காகிதத்தைப் புரொப்பெல்லர் வெட்டும், பிளாஸ்டிக் மோட்டாரில் சுற்றி நிறுத்திவிடும், நின்ற மோட்டாருக்கு மின்சாரம் போய் ஈ.எஸ்.சி. எரியும். அந்த நேரத்தைக் குறி பார்த்து இறக்குவதற்குக் கொடுங்கள்.

மிட்டாய்ப் பெட்டி ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும், 1.2 கிலோ விமானத்துக்கு 150 கிராம் போதும். கடலை மிட்டாய், கமர்கட் ஈரத்தில் இளகிப் பெட்டியிலேயே ஒட்டும். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் இரண்டு பக்கமும் ஒட்டிய பிளாஸ்டிக் உறை மிட்டாய் வாங்குங்கள். ஐந்து ஐந்தாகச் சின்னக் கவரில் போட்டு, ஒரு முழம் கலர் ரிப்பன் கட்டினால் கரிசல் சேற்றில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். போடும் இடம் கூட்டத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி, உயரம் 15 முதல் 20 மீட்டர், பறக்கும் பாதை கூட்டத்துக்கு இணையாக, ஒருபோதும் தலைக்கு மேல் இல்லை. விமானம் இறங்கி பேட்டரி கழன்று, விசில் ஊதிய பிறகே குழந்தைகள் கயிற்றைத் தாண்டலாம். செருப்பில்லாமல் ஓடவிடாதீர்கள், கருவேல முள் கிடக்கும்.

மறுமொழி 7: மேட்டுநிலம்

ஃபிளெக்ஸ் பற்றிப் பருந்து சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஏற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிராவலை எந்த முனையில் போடுவது என்று சொல்லாமல் விட்டேன். வடகிழக்குப் பருவத்தில் காற்று வந்தால் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்துதான் வரும், இறங்குவது தென்மேற்கிலிருந்து. அதனால் 40 அடியைத் தென்மேற்கு முனையில் வைத்து, அதற்கு வடகிழக்கே ஃபிளெக்ஸைத் தொடங்குங்கள். இணைப்பு இடத்தில் கிராவல் ஒரு விரல் உயரம்கூட மேலே நிற்கக் கூடாது, மண்வெட்டியால் சரித்துவிடுங்கள்.